ஒரே ஊசியில் லூபஸ் போய்விடுமா?

கேள்வி:
"என் தங்கைக்கு 24 வயது. லூபஸ். சிறுநீரகம் வரை வந்துவிட்டது. ஸ்டீராய்டு, மைக்கோஃபீனோலேட், நடுவில் ரிட்டுக்ஸிமாப், எல்லாம் பார்த்தாயிற்று. ஜெர்மனியில் ஒரே ஒரு தடவை செல் ஏற்றி லூபஸையே இல்லாமல் ஆக்கிவிட்டார்களாம். எங்களுக்குத் தெரிய வந்த ஒரு ஸ்டெம் செல் மையமும் 'நாங்களும் அதைத்தான் செய்கிறோம்' என்கிறது. நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

11 செப்டம்பர் 2025, இரவு

ஜெர்மனிச் செய்தி உண்மை. மையம் சொல்வது உண்மையில்லை. முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன். எனக்கும் லூபஸ்தான் (உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் செல்களே உடம்பைத் தாக்கும் நோய்), எனக்கும் சிறுநீரகம்தான். அதனால் இதைப் பற்றி தேவைக்கு மேலாகவே படித்து வைத்திருக்கிறேன்.

12 செப்டம்பர்

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரின் பல்கலைக்கழக மருத்துவமனை. வாதநோய்ப் பிரிவில் கியோர்க் ஷெட், ரத்தநோய்ப் பிரிவில் ஆண்ட்ரியாஸ் மக்கென்சன். இந்த இரண்டு பிரிவும் சேர்ந்து செய்த வேலை. எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் இருந்த 20 வயதுப் பெண்ணுக்கு 2021இல் கார்-டி செல் கொடுத்தார்கள்.

கார்-டி என்பது ரத்தப் புற்றுநோய்க்காக உருவானது. 2017இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை (நோயெதிர்ப்புப் படையில் அடிப்பவை) பிரித்து எடுப்பார்கள். ஆய்வகத்தில், நோய் பரப்பாதபடி மாற்றிய ஒரு வைரஸ் மூலம் அவற்றுக்குள் புதிய மரபணுவை ஏற்றுவார்கள். இப்போது அந்த டி செல்லின் மேல் ஒரு கொக்கி முளைத்திருக்கும். ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) செய்யும் வேலை பி செல்களுடையது. அவற்றின் மேல் சிடி19 என்றொரு புரதம் இருக்கிறது. கொக்கி அதைத் தேடிப் பிடிக்கும். பிடிபட்ட பி செல் செத்துப்போகும். செல்களைப் பெருக்கி, திரும்ப அதே ஆளுக்குள் ஏற்ற வேண்டும். எர்லாங்கனில் உடல் எடை கிலோ ஒன்றுக்கு 10 லட்சம் செல்.

ரத்தப் புற்றுநோயில் பி செல்லே புற்று. லூபஸில் பி செல் புற்று இல்லை, ஆனால் நம் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யும் கூட்டம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதை மட்டும் பொறுக்கி எடுக்க வழியில்லை என்பதால் மொத்தத்தையும் எடுத்துவிடுகிறார்கள்.

2022இல் 5 லூபஸ் நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். மூன்றே மாதத்தில் ஐந்து பேருக்கும் நோய் தணிந்திருந்தது. 2024 பிப்ரவரியில் 15 பேர்: லூபஸ் 8, ஸ்க்ளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்) 4, தசையழற்சி 3. லூபஸ் எட்டுப் பேருக்கும் முழுத் தணிவு. பதினைந்து பேரும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள், ஸ்டீராய்டு உட்பட. இந்தக் கடைசி வாக்கியத்தை முதன்முதலில் படித்தபோது நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம்மில் எத்தனை பேருக்கு ஸ்டீராய்டு இல்லாத ஒரு வருடம் நினைவில் இருக்கிறது?

இனி அந்த மையம். அங்கே போடுவது பெரும்பாலும் கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த மெசன்கைமல் செல் என்ற வகை ஸ்டெம் செல். அதற்கு டி செல்லோடும் சம்பந்தமில்லை, கொக்கியும் இல்லை. அந்த வகைச் செல்லை நேர்மையாகச் சோதித்தவர்களும் உண்டு. கிரோன் என்ற குடல் அழற்சி நோயில் ஆசனவாய்ப் பக்கம் வரும் புரைக்கு அலோஃபிசெல் என்ற மருந்து ஐரோப்பாவில் 2018இல் அனுமதி பெற்றது. பிறகு நடந்த பெரிய சோதனையில் வெறும் பாவனை ஊசியை விட மேலாக அது எதுவும் செய்யவில்லை. 2024 கடைசியில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அத்தனை கண்காணிப்பில் செய்ததற்கே அந்தக் கதி.

13 செப்டம்பர்

"ஒரே ஊசி" என்று பலரும் எழுதுகிறார்கள். ஏற்றுவது ஒரு தடவைதான். அதற்கு முன்னால்: மருந்துகளைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்கிற டி செல்லே சோர்ந்து கிடக்கும். குறைக்கும்போது நோய் கிளம்பலாம். அப்புறம் செல் பிரிக்கும் எந்திரத்தோடு சில மணி நேரம். அப்புறம் ஃப்ளூடாராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு. கீமோதான். அப்புறம் செல். அப்புறம் மருத்துவமனையிலேயே படுக்கை, காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.

காய்ச்சல் வரும். 15 பேரில் 10 பேருக்கு லேசான சைட்டோகைன் புயல் (நோயெதிர்ப்புச் செல்கள் ரசாயனங்களை ஒரேயடியாகக் கொட்டுவதால் வரும் கொந்தளிப்பு), பெரும்பாலும் காய்ச்சல் அளவில். அதை அடக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கைவசம் வைத்திருப்பார்கள். ஒருவருக்கு லேசான நரம்புப் பாதிப்பு. ஒருவர் நிமோனியாவோடு மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார். புற்றுநோயாளிகளுக்கு இதே சிகிச்சையில் வருவதை விட இது மிகவும் குறைவு. உடம்பில் புற்றுச்செல் மூட்டையாகக் கிடக்கவில்லை, டி செல் கொல்ல வேண்டிய இலக்கும் குறைவு, அதனால் கொந்தளிப்பும் குறைவு.

15 செப்டம்பர்

ஒருவர் கேட்டிருந்தார்: "ரிட்டுக்ஸிமாப்பும் பி செல்லைத்தானே கொல்கிறது, அதை விட இதில் என்ன பெரிதாக?"

நியாயமான கேள்வி. நானும் அதை ஏற்றிக்கொண்டவள். ரத்தப் பரிசோதனையில் பி செல் பூஜ்யம் என்று வந்தது. டாக்டர் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். சிறுநீரில் புரதம் மட்டும் இறங்கவே இல்லை. "பூஜ்யம் என்றால் இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டதற்கு அப்போது பதில் கிடைக்கவில்லை.

பதில் பின்னால் வந்தது. ரத்தத்தில் பூஜ்யமாக இருந்தாலும் நிணநீர்க் கணுக்களுக்குள் பி செல் உட்கார்ந்திருக்கும். எர்லாங்கன் குழு கணுவிலிருந்து திசு எடுத்துப் பார்த்தது. ரிட்டுக்ஸிமாப் போட்டவர்களின் கணுவில் பி செல் மிச்சம் இருந்தது. கார்-டி ஏற்றியவர்களின் கணுவில் துடைத்துவிட்டது போல இருந்தது. ரிட்டுக்ஸிமாப் புல்லை அறுக்கிறது, கார்-டி வேரைத் தோண்டுகிறது. ரிட்டுக்ஸிமாப்பே ஓர் ஆன்டிபாடிதான். அது தானாக நடக்காது, ரத்தம் கொண்டுபோகும் இடத்துக்குத்தான் போகும். டி செல் திசுவுக்குள் தானே நுழைந்து தேடும். இன்னொன்று, ரிட்டுக்ஸிமாப் குறிவைப்பது பி செல்லின் மேல் இருக்கும் வேறொரு புரதத்தை, சிடி20. ஆன்டிபாடி செய்யத் தயாராகிவிட்ட பிளாஸ்மாபிளாஸ்ட் செல்களில் அது இருக்காது, சிடி19 இருக்கும்.

லூபஸில் ரிட்டுக்ஸிமாப்பை வைத்து நடந்த இரண்டு பெரிய சோதனைகளும், எக்ஸ்ப்ளோரர், லூனார், இலக்கை எட்டவில்லை. ஆனாலும் டாக்டர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், சிலருக்குக் கேட்கவும் செய்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

21 செப்டம்பர்

"பி செல் மொத்தமும் போனால் சிறுவயதில் போட்ட தடுப்பூசியெல்லாம் வீணா?" இல்லை. பழைய தடுப்பூசிகளின் ஆன்டிபாடியைச் செய்வது எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கும் நெடுநாள் பிளாஸ்மா செல். அவற்றில் பலவற்றின் மேல் சிடி19 கிடையாது. அதனால் தப்பிவிடுகின்றன. தட்டம்மை, டெட்டனஸ் ஆன்டிபாடிகள் பெருமளவு அப்படியே இருந்தன.

பி செல்லும் திரும்பி வருகிறது, சராசரியாக 110 நாளில். வருபவை பெரும்பாலும் இதுவரை எந்தப் பகையையும் பார்க்காத புதுச் செல்கள். பழைய வெறுப்பு அவற்றுக்குத் தெரியாது. பி செல் திரும்பியும் லூபஸ் திரும்பவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அதுவரை "பி செல் வந்தால் நோயும் வரும்" என்பதே கணக்கு.

28 செப்டம்பர்

கேள்வி கேட்டவருக்குத் தனியாக ஒன்று. தங்கைக்கு 24 வயது என்றீர்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைடு கருமுட்டையைக் குறைக்கும். எனக்கு அதை மாதாமாதம் ஏற்றியபோது இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய தாளில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. பிறகு நான் கேட்டபோது "உயிர் முக்கியமா, அது முக்கியமா?" என்றார்கள். இரண்டும் முக்கியம்தான். முட்டையைச் சேமித்து வைக்க முடியுமா என்று கேட்க எனக்கு நேரம் இருந்தது, தகவல் இல்லை.

கார்-டிக்கு முன்னால் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, எர்லாங்கன் முறையில், உடல் பரப்பு சதுர மீட்டருக்கு 1000 மில்லிகிராம், ஒரே தடவை. பழைய மாதாந்திர முறையில் ஒரு மாதத்துக்கே அவ்வளவு வரை போகும், அது ஆறு மாதம். ஆகவே இந்தக் கோணத்தில் கார்-டி மலிவு என்று கூடச் சொல்லலாம். இருந்தாலும் தங்கை கேட்க வேண்டும். அவள் வாயாலேயே கேட்கட்டும்.

29 செப்டம்பர்

ஸ்டீராய்டில் முகம் வீங்கியதைப் பார்த்து "பூரிப்பா இருக்கியே, என்ன விசேஷம்?" என்று கேட்பவர்களை என்ன செய்வது என ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அதற்கு எந்த நாட்டிலும் செல் சிகிச்சை இல்லை, தம்பி.

7 அக்டோபர்

நேற்று மருத்துவ நோபல் அறிவித்துவிட்டார்கள். ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல். ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்காக. நம் ஆட்களுக்கான பரிசு என்றே சொல்லலாம்.

1995இல் சகாகுச்சி காட்டியது: நோயெதிர்ப்புச் செல்களிலேயே ஒரு வகை, மற்ற செல்களை "நம்மவர்களை அடிக்காதே" என்று அடக்கிவைக்கிறது. 2001இல் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும், தோல் செதில் செதிலாக உரிந்து இளமையிலேயே சாகும் ஒரு எலி வகையில், ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மனிதக் குழந்தைகளில் அதே மரபணு பழுதானால் ஐபெக்ஸ் என்ற கொடிய தன்னுடல் தாக்குநோய் வருகிறது.

செல் சிகிச்சையில் இது எதிர்ப்பக்கப் பாதை. கார்-டி, அடிப்பவனைக் கொல்கிறது. இவர்கள் வழியில் போகிறவர்கள் அடக்குபவனை எடுத்து, பெருக்கி, பழுதான உறுப்புக்கே அனுப்பப் பார்க்கிறார்கள். கேட்க இதுதான் அழகு. ஆனால் நோயாளியின் மேல் காட்டிய பலனில் கார்-டி வெகுதூரம் முன்னால் இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் செல் நாளடைவில் குணம் மாறி அடிப்பவனோடே சேர்ந்துகொள்ளலாம் என்ற பயம் வேறு. அடியாளை அடக்க வந்தவனே அடியாளாகும் கதை நமக்குப் புதிதா என்ன.

8 அக்டோபர்

முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் செல் வந்துவிட்டதே என்கிறார் ஒருவர். வந்தது, ஆனால் அது வேறு வேலை. இந்த ஜூனில் வெளியான ஜிமிஸ்லெசெல் ஆய்வில், ஸ்டெம் செல்லிலிருந்து செய்த இன்சுலின் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். பிரமாதம். ஆனால் சொந்த இன்சுலின் செல்களை அடித்து நொறுக்கிய நோயெதிர்ப்புக் கூட்டம் உள்ளேயேதான் இருக்கிறது, அதனால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து தொடர்ந்து வேண்டும். இன்சுலினைக் கொடுத்துவிட்டு நம்முடைய மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டார்கள்.

25 அக்டோபர்

கார்-டி பேச்சில் மற்றதை மறக்க வேண்டாம். லூபஸ் சிறுநீரகத்துக்கு ஒபினுடுசுமாப்புக்கு அமெரிக்காவில் இந்த மாதம் அனுமதி கிடைத்தது. ரிட்டுக்ஸிமாப்பின் அதே சிடி20தான், ஆனால் இன்னும் ஆழமாகக் கொல்கிறது. ரீஜென்சி சோதனையில் 76ஆவது வாரத்தில் முழுப் பலன் இந்த மருந்தைச் சேர்த்தவர்களில் 46.4 சதவீதம், சேர்க்காதவர்களில் 33.1. எர்லாங்கனின் எட்டுக்கு எட்டோடு ஒப்பிட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் இது நூற்றுக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, எதிரே ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த சோதனை. எட்டுக்கு எட்டு என்பது தேர்ந்தெடுத்த எட்டு. எதிரே யாரும் இல்லை. பெரிய சோதனை வரும்போது அந்த நூறு சதவீதம் நிற்காது என்றே நினைக்கிறேன். எவ்வளவு இறங்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2 நவம்பர்

"யாருக்குமே திரும்ப வரவில்லையா?" வந்திருக்கிறது. தசையழற்சி இருந்த ஒருவருக்கு முதலில் நன்றாகக் கேட்டது, பிறகு நோய் திரும்பியது. சிடி19க்குப் பதில் பிசிஎம்ஏ என்ற புரதத்தைத் தேடும் வேறு கார்-டியை ஏற்றினார்கள், மறுபடி அடங்கியது. பிசிஎம்ஏ பிளாஸ்மா செல்லின் மேல் இருக்கும். அதாவது சிலருக்கு வேர் இன்னும் ஆழத்தில், நான் செப்டம்பரில் "தப்பிவிடுகின்றன" என்று நிம்மதியாக எழுதிய அதே செல்களில் இருக்கலாம். தடுப்பூசி நினைவைக் காப்பாற்றும் இடத்திலேயே நோயும் பதுங்கலாம். சில லூபஸ் நோயாளிகளிடம் டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி மறைந்தும், ரோ எனப்படும் புரதத்துக்கு எதிரானது மறையாமல் நின்றதும் இதனால்தான் போலும்.

இன்னொன்று மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. இது எல்லா மருந்தும் தோற்ற பிறகு, கடைசியில்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சோதனைகளும் அப்படித்தான் ஆள் சேர்க்கின்றன. என் சிறுநீரகப் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் அழற்சி நிறைய, தழும்பு கொஞ்சம். புதியதில் அழற்சி கொஞ்சம், தழும்பு நிறைய. கார்-டி அழற்சியை நிறுத்தும். தழும்பை எதுவும் செய்யாது. சிறுநீரகத்தின் வடிகட்டியில் இருக்கும் போடோசைட் செல் செத்தால் புதிது முளைக்காது. ஆக, தகுதி வரும் வரை காத்திருந்தால், காப்பாற்ற வேண்டியது காத்திருக்கும்போதே போய்விடுகிறது. எனக்கு இன்று கொடுத்தால் மிச்சத்தைக் காப்பாற்றும். அந்தப் பழைய பயாப்ஸி நேரத்தில் கொடுத்திருந்தால் மொத்தத்தையும் காப்பாற்றியிருக்கும். அன்று அப்படி ஒன்று இல்லை, அது வேறு விஷயம்.

3 நவம்பர்

நேற்று எழுதியதற்கு நானே எதிர்வாதம். "முன்னாலேயே கொடு" என்றால், சாதாரண மருந்திலேயே சரியாகப் போகிறவர்களுக்கும் மரபணு மாற்றிய செல்லை ஏற்றுவோம். கார்-டி பெற்ற புற்றுநோயாளிகள் சிலருக்குப் பிறகு டி செல்லிலேயே புது புற்று வந்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எல்லாக் கார்-டிக்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. 2023 முடிவு வரை 27,000க்கு மேற்பட்ட டோஸ், அப்படிப்பட்ட புற்று 22. அரிது. ஆனால் மூன்று மாதத்தில் சாகப்போகிறவர் அந்த 22ஐப் பார்க்கும் பார்வை வேறு, 24 வயதில் இன்னும் 50 வருடம் வாழ வேண்டியவர் பார்க்கும் பார்வை வேறு.

இதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்தத் தராசு இன்னும் கொடுமையாக இருந்தது. ஸ்க்ளீரோடெர்மாவுக்குச் சொந்த ஸ்டெம் செல் மாற்று செய்த ஆஸ்டிஸ் சோதனையில் (இது மருத்துவமனைகள் முறையாகச் செய்தது, அந்த மையத்து வகை இல்லை) 79 பேரில் 8 பேர் சிகிச்சையாலேயே முதல் வருடத்தில் இறந்தார்கள். ஆனாலும் நாளடைவில் மருந்துக் குழுவை விட அதிகம் பேர் உயிரோடு இருந்தார்கள். அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்தால் நாம் புலம்புவது கூச்சமாக இருக்கிறது.

16 நவம்பர்

மற்ற பாதைகளைச் சுருக்கமாக, பலர் கேட்டதால்.

சீனாவில் 2024இல், வேறொரு ஆரோக்கியமானவரின் டி செல்லை மரபணுக் கத்தரியால் திருத்தி மூன்று பேருக்குக் கொடுத்தார்கள்: ஒருவருக்குத் தசையழற்சி, இருவருக்கு ஸ்க்ளீரோடெர்மா. பலித்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செல் வளர்க்க வேண்டாம். தசை சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோய்க்கு, டி செல்லில் மரபணுவை நிரந்தரமாகச் செருகாமல் அதன் தற்காலிக நகலான ஆர்.என்.ஏ. மட்டும் ஏற்றும் முறை. கீமோவும் தேவையில்லை, சில நாளில் கொக்கி தானாக மறையும், அதனால் பல தடவை ஏற்ற வேண்டும். செல்லை வெளியே எடுக்காமலேயே கொழுப்புத் துகளில் ஆர்.என்.ஏ.வை அடைத்து உடம்புக்குள் செலுத்தி, உள்ளேயே கார்-டி ஆக்கும் முறை சீனாவில் லூபஸ் நோயாளிகள் சிலர் வரை வந்துவிட்டது. செல்லே வேண்டாம், டி செல்லையும் பி செல்லையும் சேர்த்துக் கட்டும் ஆன்டிபாடி போதும் என்று இன்னொரு கூட்டம்: பிளினாடுமோமாப்பை முடக்குவாதம் இருந்த ஆறு பேருக்கு எர்லாங்கனிலேயே கொடுத்துப் பார்த்தார்கள், நன்றாகவே கேட்டது.

என் பந்தயம் கடைசி இரண்டின் மேல். அவை பலித்தால் நேற்றுவரை நாம் தர்க்கித்த "முன்னாலேயா, கடைசியிலேயா" பாதி கரைந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். நிரந்தரமாகச் செருகிய மரபணுவை நிறுத்த முடியாது.

30 நவம்பர்

தங்கையின் அறிக்கையை அனுப்பியிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை, அதனால் மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். பயாப்ஸி தாளின் கடைசிப் பகுதியில் இரண்டு எண்கள் இருக்கின்றன பாருங்கள், ஒன்று நோயின் தீவிரத்துக்கு, ஒன்று தழும்புக்கு. தங்கைக்குத் தீவிரம் அதிகம், தழும்பு குறைவு. இரண்டாம் தேதி நான் புலம்பினேனே, அந்தப் பழைய பயாப்ஸியின் நிலைதான் இது. வாதநோய் டாக்டரிடம் ஒபினுடுசுமாப் பற்றியும், ஆள் சேர்க்கும் கார்-டி சோதனை ஏதாவது இருக்கிறதா என்பது பற்றியும் ஒரே நாளில் கேளுங்கள், ஒன்று தோற்ற பிறகு இன்னொன்று என்று இழுக்காமல்.

சோதனையில் சேர யாரும் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது சோதனை இல்லை. பதிவு எண் கேளுங்கள், நெறிமுறைக் குழு அனுமதி கேளுங்கள். வைரஸ் மூலம் மரபணுவைச் செருகும் சிகிச்சை என்றால் 15 வருடம் பின்தொடர்வார்கள், அதையும் வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். மையக்காரர்கள் மறுபடி ஃபோன் செய்தால் "சிடி19ஆ, பிசிஎம்ஏவா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.